கோழிக் கொல்லையில் வாத்து

வாத்தும் கோழியும் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாதா என்றுதான் வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். கொத்தும். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அதற்குள் யார் பெரியவர் என்று அவையே பேசி முடித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். கோழி இருக்கிற வீட்டில் வாத்தைக் கொண்டுவந்து விட நினைக்கிறவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. கோழிக்குக் காய்ந்த தரை வேண்டும். வாத்து நின்ற இடமெல்லாம் ஈரமாகும். இரண்டும் ஒரே கொல்லையில் இருக்க வேண்டுமென்றால் ஈரம் எதுவரை, காய்ந்த தரை எதுவரை என்று வாத்து வருவதற்கு முன்னாலேயே கோடு போட்டுவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம், வயலை ஒட்டின தெருவில். நீளமான கொல்லை. கிணற்றடி, சில தென்னை, ஒரு முருங்கை, கோடியில் வாழை, நடுவில் அத்தையின் கீரைப் பாத்தி. கோழிகளும் அத்தையுடையவைதான். எல்லாம் நாட்டுக்கோழி, பகலெல்லாம் மேயும், பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போய் அடைந்துவிடும். குஞ்சு பொரித்த தாய்க்கோழி மட்டும் பஞ்சாரத்தில் இருக்கும். இந்த ராஜ்யத்துக்குள் வாத்தைக் கொண்டுவர ஆசைப்பட்டது நான்.

ஆசைக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, நத்தையைச் சொன்னேன். பொய்யும் இல்லை. ஐப்பசி மழை பிடித்தால் கீரைப் பாத்தி, பப்பாளிக் கன்று, சாமந்தித் தொட்டி எதையும் நத்தை விடுவதில்லை. கோழி புழுவைத் தின்னும், கறையானைத் தின்னும், நத்தையைப் பார்த்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

“நத்தைக்கா வாத்து? ஒரு கை உப்பை அள்ளி வீசுனா ஆச்சு” என்றார் அத்தை.

“உப்பைப் போட்டா பாத்தியும்ல சேர்ந்து போயிடும் அத்தை.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “கோழிக்கூட்டுப் பக்கம் வராம பாத்துக்க.” அனுமதி கிடைத்துவிட்டது.

வாத்துக்கு நாங்கள் எங்கேயும் அலையவில்லை. சம்பா அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் எங்கள் பக்கத்து வயல்களில் வந்து இறங்குவார்கள். நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் வாத்துகள். பகலெல்லாம் அறுத்த வயலில் சிந்தின நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் தின்று திரியும். ராத்திரி வலையைச் சுற்றிக் கட்டிக் கிடை போடுவார்கள். விடியற்காலையில் கிடைக்குள் குனிந்து குனிந்து முட்டை பொறுக்குவார்கள். ஒரு வயல் தீர்ந்தால் அடுத்த வயல், ஒரு ஊர் தீர்ந்தால் அடுத்த ஊர். வாத்துக்குத் தீவனச் செலவு மிச்சம், வயல்காரருக்கு எரு மிச்சம். எனக்குத் தெரிந்து வாத்து வளர்ப்பில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இல்லை. நாம் கொல்லையில் செய்வதெல்லாம் இதன் சின்னக் குட்டி வடிவம்தான்.

அப்படி வந்த ஒருவரிடம் நாலு பெட்டையும் ஒரு ஆணும் வாங்கினோம். நாட்டு வாத்து. தமிழ்நாட்டின் வடக்கு மாவட்டங்களில் ஆரணி வாத்து, சன்னியாசி, கீரி என்றெல்லாம் சொல்கிற வகைகள் உண்டு. எங்களுடையவை பழுப்பும் கறுப்பும் கலந்தவை, எந்த வகையோடும் சேர்த்துச் சொல்ல முடியாது. முட்டைக்காகவே வளர்க்கிறவர்கள் காக்கி கேம்பல் தேடுவார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் அடேல் கேம்பல் என்கிற அம்மாள் தன் வீட்டுத் தேவைக்கு முட்டை நிறைய இடுகிற வாத்து வேண்டுமென்று கலப்பினம் செய்து, 1898இல் வெளியுலகுக்குக் காட்டிய கேம்பல் இனத்தின் காக்கி நிற வகை அது. நல்ல பராமரிப்பில் வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். பெங்களூரு ஹெசரகட்டாவில் மத்திய அரசின் பண்ணையில் வாத்துப் பிரிவு இருக்கிறது. அங்கே அந்த இனம் வளர்க்கிறார்கள். வெள்ளையாகக் கொழுகொழுவென்று இருக்கிற பெக்கின் கறிக்கு. சிவந்த முகத்தோடு உஸ் உஸ் என்று மூச்சு விடுகிற மணிலா வாத்து வேறு சாதி, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது மரத்தில் ஏறி உட்காரும், பறக்கவும் பறக்கும், ஆனால் சத்தமே போடாது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறவர்கள் மணிலாவை யோசிக்கலாம். குளத்தில் பிடித்தது என்று சிறகியையோ வேறு காட்டு வாத்துக் குஞ்சையோ யாராவது கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அவற்றுக்கும் சேர்த்துத்தான்.

வாத்து வாங்குகிறவர்கள் மூன்றுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கோழி தனியாகவும் காலம் தள்ளிவிடும். வாத்து தள்ளாது. எல்லாம் சேர்ந்து எழுந்திருக்கும், சேர்ந்து தண்ணீருக்குப் போகும், சேர்ந்தே பயந்து ஓடும். ஒன்று பின்தங்கினால் மற்றவை நின்று கத்தும்.

பிடிக்கிற விதத்தையும் அந்த மேய்ப்பர்தான் சொல்லிக்கொடுத்தார். கோழியைப் பிடிக்கிற பழக்கத்தில் நான் காலுக்குக் கையை நீட்டினேன்.

“காலப் புடிக்காதீங்கக்கா, ஒடிஞ்சிரும். கழுத்தப் புடிங்க.”

“கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கே தம்பி.”

“வாத்துக்குக் கழுத்துதான்க்கா பலம். காலு சும்மா தண்ணி தள்ளத்தான்.”

கழுத்தின் அடியில் மெதுவாகப் பிடித்து, உடனே மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கினால் வாத்து திமிறுவதே இல்லை.

வந்ததும் கோழியோடு விடவில்லை. புதிதாக வருகிற எந்தப் பறவையையும் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரியாமல் நோய் கொண்டுவந்திருக்கலாம். கொல்லையின் கடைசியில், கோழிகளுக்கு எட்டாத தூரத்தில், வாழைப் பக்கம் வலை கட்டி அடைத்தோம். தூரத்திலிருந்தே கோழிகள் பார்த்துவிட்டன. சேவல் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து நிற்கும், யோசிக்கும், திரும்பிப் போகும். வலையைப் பிரித்த அன்று அத்தை மூங்கில் குச்சியோடு தயாராக நின்றார். மூத்த பெட்டைக்கோழி ஒன்று நேரே போய் ஒரு வாத்தின் முதுகில் ஒரு கொத்து வைத்தது. வாத்து ‘க்வாக்’ என்று கத்திக்கொண்டு ஓட, மற்ற நாலும் கூடவே ஓட, ஐந்து பேரும் அவற்றுக்காக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டார்கள். கோழிக்கு அங்கே போக வழி இல்லை. கரையில் நின்று எட்டிப் பார்த்தது, திரும்பியது. போர் முடிந்தது.

அந்தத் தொட்டிதான் முக்கிய விஷயம். வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டும் என்பது பாதி உண்மைதான். குளம் இல்லாமல் வாழ்ந்துவிடும். தலை முழுக்க முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாமல் வாழாது. கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் அது கழுவுவது அப்படித்தான். கழுவ முடியாமல் போனால் கண் பொங்கி ஒட்டிக்கொள்ளும். தீனியும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வாய் தவிடு, ஒரு வாய் தண்ணீர். வெறும் மாவாகத் தின்றால் விக்கிக்கொள்ளும். பிறகு வாலின் அடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசும். இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். கொடுத்த தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் சேறாகும். அந்தச் சேறு காலோடு கொல்லையெல்லாம் நடக்கும்.

கோழிக்கு இது ஆகாது. ஈரத் தரையில் கோழியின் பாதம் புண்ணாகும். கூட்டுக்குள் உமி நனைந்தால் நெடி ஏறும், மூச்சுத் தொல்லை வரும். எல்லாவற்றையும்விட மோசம், இளங்குஞ்சுகளை வாரிக்கொண்டு போகிற ரத்தக் கழிச்சல். எச்சத்தில் வெளியே வருகிற அதன் கருக்கள் காய்ந்த தரையில் சீக்கிரம் செத்துப்போகும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றி, அடுத்த குஞ்சுக்குத் தொற்றத் தயாராகிவிடும். வாத்திடமிருந்து அந்த நோய் கோழிக்கு வருவதில்லை. கோழியின் நோய்க்கு வாத்து ஈரம் செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டபோதும் டாக்டரம்மா முதலில் கேட்டது, “ரெண்டுக்கும் ஒரே தண்ணித் தொட்டியா?” என்றுதான்.

நாங்கள் போட்ட கோடு இப்படி. வாத்துத் தொட்டி கொல்லையின் கடைசியில், தரை சரிகிற பக்கம், வாழைக்கு மேல்புறம். மாட்டுத் தொட்டி உயரம் அதிகம். பாதியாக வெட்டின பிளாஸ்டிக் டிரம்தான் தோது. உள்ளேயும் வெளியேயும் செங்கல் அடுக்கிப் படி வைத்திருக்கிறோம். உள்படி மறந்துவிடக் கூடாது. குஞ்சு வாத்து ஏற வழியில்லாமல் நீந்தி நீந்திக் களைத்து முழுகிவிடும். வாத்தே முழுகுமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தொட்டியைச் சுற்றி மண்ணை அரை அடி தோண்டி ஜல்லி கொட்டினோம், சேறு கட்டாமல் இருக்க. தினம் காலையில் தொட்டியைக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். வாத்து எச்சம் கரைந்த அந்தத் தண்ணீரில் வாழை வளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அத்தை வாத்துகளைப் ‘பரவால்ல’ என்று சொல்ல ஆரம்பித்தார்.

தினம் கவிழ்ப்பதில் இன்னொரு லாபம், கொசு. புழு பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீரை நாள்கணக்கில் விட்டு, அதில் இலையும் செத்த பூச்சியும் அழுகினால் கொசுவைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. அழுகலில் உண்டாகிற ஒரு வகை பாக்டீரியாவின் நஞ்சு வாத்தின் நரம்பைப் பிடித்தால் முதலில் கால் துவளும், அப்புறம் கழுத்து நிற்காது. தண்ணீருக்குள்ளேயே தலை தொங்கிச் செத்துப்போகும். சித்திரை வைகாசி வெயிலில்தான் இது அதிகம்.

கோழிகளின் தண்ணீரும் தீனியும் முழங்கால் உயரத் திண்ணையில். கோழி ஒரே தாவில் ஏறிவிடும். வாத்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பணம் செலவழித்து விசேஷத் தண்ணீர்க் குழாய் எல்லாம் வாங்குகிறார்கள். நாலு செங்கல்லும் ஒரு பலகையும் போதும்.

தீனி விஷயம். வளர்ந்த வாத்தும் கோழியும் பெரும்பாலும் ஒன்றையே தின்னலாம். குருணை, தவிடு, கம்பு, பழைய சோறு, கீரைத் தண்டு. முட்டையிடும் பருவத்தில் கிளிஞ்சல் தூள். குஞ்சுகளுக்குத்தான் வித்தியாசம். நியாசின் என்கிற பி3 வைட்டமின் வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் போட்டால் கால் வளைந்து, முட்டி வீங்கி, உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும். ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் கலந்து கொடுப்பது வழக்கம். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்குத் தாங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதுதான் நடக்கும். கடலைப் புண்ணாக்கு. மாட்டுக்கு ஊற வைத்ததில் மிச்சம், மூட்டையின் அடியில் பூசணம் பிடித்தது, மழையில் நனைந்த மக்காச்சோளம் எல்லாம் ‘வாத்துக்குப் போடு, அது எல்லாத்தையும் திங்கும்’ என்று போய்ச் சேரும். திங்கும், உண்மைதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்ஸின் என்று நாம் இன்று சொல்வது அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான். வீட்டுப் பறவைகளில் அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவது வாத்துக் குஞ்சு. அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஆய்வகங்களில் ஒரு காலத்தில் வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதே அளவு கோழிக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம், வாத்தின் ஈரலைத் தீர்த்துவிடும். எங்கள் வீட்டில் வாத்துக்குப் புண்ணாக்கே கிடையாது. படுக்கைக்குப் போடுகிற வைக்கோலும் பூசண வாடை அடித்தால் நேரே எருக்குழிக்கு.

இனி கொஞ்சம் கூச்சமான விஷயம். எழுதாமல் விட்டால் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு கோழி சாகும், அதனால் எழுதுகிறேன். ஆண் வாத்து கோழியையும் மிதிக்கப் போகும். சேவலுக்கு வெளியே நீள்கிற உறுப்பு கிடையாது; சேவலும் பெட்டையும் வால் பக்கத் துவாரத்தை ஒரு நொடி ஒட்டிக்கொள்வதோடு சரி. ஆண் வாத்துக்கு உறுப்பு உண்டு, அதுவும் உடலுக்குக் கொஞ்சம் பெரியது, திருகலானது. கோழியின் உடம்பு அதற்கு ஏற்பட்டதல்ல. உள்ளே கிழிந்து கோழி செத்துப்போக வாய்ப்பு இருக்கிறது. அதனால் கணக்கு: ஒரு ஆணுக்கு நாலு முதல் ஆறு பெட்டை வாத்து. இரண்டு ஆண் கூடாது. முட்டை மட்டும் போதும், குஞ்சு வேண்டாம் என்றால் ஆணே வேண்டாம், பெட்டை தனியாகவே முட்டையிடும். எங்கள் ஆள் பெரும்பாலும் தன் நாலு பேரோடு திருப்தியாக இருக்கிறார். கோழிப் பக்கம் நோட்டம் விடுகிற நாளில் வாத்துகள் எல்லாமே வலைக்குள்தான்.

ஆணா பெண்ணா எப்படித் தெரியும்? வளர்ந்த ஆணின் வாலில் இரண்டு மூன்று இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அதற்கு முன்னால் குரலை வைத்துச் சொல்லலாம். தெருவே கேட்க ‘க்வாக் க்வாக்’ என்று கத்துவது பெண். ஆணுக்குத் தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் புகார் வந்தால் அது பெண்களால் வந்தது.

ராத்திரி தங்க இடம் தனி. கோழி உயரத்தில் கம்பில் உட்காரும், வாத்து தரையில் படுக்கும். ஒரே கூட்டில் விட்டால் கோழி எச்சமெல்லாம் வாத்தின் முதுகில். போதாததற்கு வாத்து ராத்திரியில் சரியாகத் தூங்காது. எழுந்து நடக்கும், குசுகுசுவென்று பேசும். நிலா வெளிச்சம் இருந்தால் கேட்கவே வேண்டாம். கோழி இருட்டினால் கல். இந்த வாத்துத் தூக்கத்தைப் பற்றி ஒரு ஆய்வே இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுக் கவனித்தார்கள். வரிசையின் ஓரத்தில் படுத்தவை ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டன. திறந்த கண் எப்போதும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம். நடுவில் படுத்தவை அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அதைப் படித்த பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஓரத்தில் படுத்திருந்தது ஒரு பெட்டை. என்னையே பார்த்தது.

அந்த ஒரு கண் கீரிக்குப் போதாது. கீரி, மரநாய், தெருநாய் மூன்றும் எங்கள் பக்கம் உண்டு. வாத்து பறந்து தப்பாது. கூண்டின் கம்பிவலை சின்னக் கண் உள்ளதாக இருக்க வேண்டும், தரையிலும் ஓரடி மடித்துப் புதைக்க வேண்டும். காலையில் அவசரப்பட்டுத் திறக்கவும் வேண்டாம். வாத்து பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் பின்பும்தான் முட்டையிடும். எட்டு மணி வரை அடைத்து வைத்தால் முட்டை வைக்கோலில் கிடைக்கும். ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் வாழைப் புதரில் கிடைக்கும், கிடைத்தால்.

முட்டையிடுவதில் காட்டுகிற அக்கறையை அடைகாப்பதில் எங்கள் வாத்துகள் காட்டவில்லை. அதற்குத்தான் கோழி. அத்தையின் கறுப்புப் பெட்டை கேர ஆரம்பித்ததும் அதற்கு அடியில் வாத்து முட்டையை வைத்தோம். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டைக்கு 28. ஒரு வாரம் கூட உட்கார வேண்டும். எழுந்து போய்விடுமோ என்று அத்தைக்குக் கவலை. போகவில்லை. கோழிக்கு நாள்கணக்கு தெரியாது போலிருக்கிறது, முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறவரை உட்காரும். கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் சேர்த்து வைப்பதாக இருந்தால் மட்டும் வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னாலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு பொரிந்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும், மிச்சம் குளிர்ந்துபோகும்.

பொரிந்த பிறகு நடந்தது எங்கள் தெருவுக்கே வேடிக்கை. தாய்க்கோழி கிளறிக் கிளறிக் கூப்பிடும், குஞ்சுகள் வந்து பார்க்கும், அங்கே ஈரம் இல்லையென்றால் போய்விடும். முதல் முறை அவை தண்ணீர்ப் பக்கம் போனபோது கறுப்பி கத்தின கத்தலில் எதிர்வீட்டு அக்கா பாம்பு என்று நினைத்து ஓடிவந்துவிட்டார். குஞ்சுகள் உள்ளே. தாய் வெளியே, இறக்கையை விரித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

“பாவம்டி, அதுக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல. தூக்கி வெளிய விடு” என்றார் அத்தை.

தூக்கி விட்டது அதன் நெஞ்சுக்காக மட்டும் இல்லை. வாத்துத் தாய் அடியில் அணைத்து வளர்க்கிற குஞ்சுகளுக்கு அதன் இறகு எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பஞ்சுக்குள் இறங்காது. கோழியிடம் வளர்கிற குஞ்சுக்கு அந்த எண்ணெய் இல்லை. சொந்த எண்ணெய் சுரந்து உடம்பில் நல்ல இறகு வருகிறவரை, அதாவது முதல் சில வாரங்கள், சீக்கிரம் நனைந்து குளிரில் விறைத்துவிடும். ஆழமில்லாத தட்டில், வெயில் நேரத்தில், நாம் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம் விளையாட விடலாம். உடனே துடைத்துத் தாய்க்கு அடியில் விட வேண்டும். கோழிக்குஞ்சையும் வாத்துக் குஞ்சையும் ஒரே பெட்டியில் பல்பு போட்டு வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: வாத்துக் குஞ்சு தண்ணீரை இறைத்து எல்லாவற்றையும் நனைக்கும், குளிர்ந்து சாவது கோழிக்குஞ்சாக இருக்கும்.

நோயைப் பற்றி டாக்டரம்மா சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக் கழிச்சல் கோழியை வாரிக்கொண்டு போகிற நோய். வாத்து அதைத் தாங்கிக்கொள்ளும், தாங்கிக்கொண்டே பரப்பவும் செய்யும். அதனால் வாத்து வருவதற்கு முன்னால் கோழிகளுக்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். வாத்துகளுக்கு வாத்து பிளேக் தடுப்பூசி தனி. பறவைக் காய்ச்சல் வேறு கதை. பல சமயம் வாத்து நோயே காட்டாமல் அதைச் சுமக்கும், பக்கத்துக் கோழிகள் சாகும். சில வகைகளில் வாத்தும் சாகும். கேரளத்துக் குட்டநாட்டில் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்ததும் மிச்சத்தை அரசே அழித்ததும், வாளையார் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து அடித்ததும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிச் செய்தி வருகிற நாள்களில் எங்கள் வாத்துகள் வயலுக்குப் போவதில்லை. கொக்கும் நாரையும் காட்டு வாத்தும் இறங்குகிற தண்ணீரிலிருந்து அவற்றைத் தள்ளி வைக்கிறோம். கொல்லைக்கு என்று ஒரு ஜோடி செருப்பு, அது வாசலைத் தாண்டாது.

நத்தை என்ன ஆயிற்று? சின்ன நத்தையும் இலைப்புழுவும் அநேகமாக இல்லை. கையகலம் வளர்ந்த ஆப்பிரிக்க நத்தையை வாத்து விழுங்காது. அதை உறை போட்ட கையால் நாங்கள்தான் பொறுக்குகிறோம். பாத்தியைக் கோழி கிளறுகிற மாதிரி வாத்து கிளறாது. ஆனால் தட்டைப் பாதத்தால் நாற்றை மிதித்துத் தரைமட்டமாக்கும், இளங்கீரையை நுனியோடு வழித்துத் தின்னும், நனைந்த மண்ணில் அலகை விட்டுத் துளைத்துக் குழி போடும். முளைக்கீரை ஒரு சாண் வளருகிறவரை பாத்தியைச் சுற்றி முழங்கால் உயர வலை. வாத்துக்கு அந்த உயரமே கோட்டைச் சுவர். கோழிக்கு மேலேயும் வலை போட வேண்டியிருக்கிறது. ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் அசோலா விட்டிருக்கிறேன், சாயங்காலம் இரண்டு கூட்டத்துக்கும் ஆளுக்கொரு கூடை.

முட்டை நாட்டுக்கோழியுடையது 40 கிராம் சுமார் என்றால் வாத்துடையது 65, 70 வரும். ஓடு தடிமன், கரு பெரியது, கவிச்சி கொஞ்சம் தூக்கல். அரைவேக்காடு, ஆஃப்பாயில் எல்லாம் வாத்து முட்டையில் வேண்டாம், நன்றாக வெந்திருக்க வேண்டும். மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் கவிச்சி தெரியாது. அத்தை இன்றுவரை வாயில் வைத்ததில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் கேக் செய்து விற்கிற பெண்ணுக்கு வாத்து முட்டைதான் வேண்டுமாம், கேக் நன்றாக உப்புகிறதாம். விலை பேசுவது அத்தை.

கறுப்பி வளர்த்த குஞ்சுகளைக் கேட்டு இப்போதே மூன்று வீட்டிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறேன். கோழி இருக்கிற வீடென்றால் முதலில் தொட்டி எங்கே, தண்ணீர் எங்கே வடியும் என்று காட்ட வேண்டும். குரல் உடைகிறவரை ஆணா பெண்ணா என்று எனக்கே தெரியாது, பிறகு ஆண் என்று தெரிந்தால் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன்.